நடு இரவின் கலைஞர் வீணை எஸ். பாலசந்தர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இருளைக் கண்டால் குழந்தை அழுகிறது. பெரியவர்கள் அழுவதில்லை, விளக்கைத் தேடுகிறார்கள். அச்சம் இருவருக்கும் ஒன்றுதான். மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரு புளியமரம் உண்டு. அதில் இரத்தக் காட்டேரி குடியிருக்கிறாள் என்று சொல்லித்தான் என் பாட்டி எனக்குச் சோறு ஊட்டினார். காட்டேரியை யாரும் பார்த்ததில்லை. ஆயினும் இருட்டிய பிறகு அந்த வழியே யாரும் போனதுமில்லை.

சென்ற ஆண்டு கல்லூரி விழாவுக்கு நாடகம் ஒன்று போடுவதென எங்கள் வகுப்பில் முடிவு செய்தபோது, அந்தக் காட்டேரிதான் எனக்கு நினைவுக்கு வந்தாள். ஊரில் ஒருவர் பின் ஒருவராக இறக்கிறார்கள். கழுத்தில் இரு பல் தடங்கள். காட்டேரியின் வேலை என்று ஊரே நடுங்குகிறது. கடைசியில் பார்த்தால் கொன்றவன் மனிதன்! கதையை எழுதி முடித்தேன். கையிருப்போ ஆயிரத்து எழுநூறு ரூபாய். நண்பர்கள் கதையைக் கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். நடுவில் இரண்டு குத்துப் பாட்டும் நடனமும் வைத்தால்தான் மேடையேற்றலாம் என்றும் சொன்னார்கள். பாட்டு வந்தால் பயம் போய்விடுமே என்றேன். பாட்டில்லாமல் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் தமிழ்ப் பேராசிரியரிடம் போனேன். ஐயா அவர்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்கு எந்த அறிவுரையும் கூறவில்லை. வீணை எஸ். பாலசந்தர் என்பவருடைய வரலாற்றைப் படித்துவிட்டு வரும்படி மட்டும் சொன்னார். காட்டேரிக்கும் வீணைக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிக்கொண்டே நூலகத்துக்குச் சென்றேன். படித்த பிறகு விளங்கிற்று. அதைச் சக மாணவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்ற ஆவலே இக்கட்டுரை.

கஞ்சிராவுடன் வந்த சிறுவன்

பாலசந்தர் 1927ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் சுந்தரம் ஐயர் வழக்கறிஞர். இசையில் ஆழ்ந்த பற்றுடையவர். மயிலாப்பூரில் இருந்த அவர்கள் இல்லத்தில் இசை எப்போதும் ஒலித்துக்கொண்டிருந்தது. தமையனார் எஸ். இராஜம் பின்னாளில் புகழ்பெற்ற ஓவியராகவும் இசைக் கலைஞராகவும் விளங்கியவர். தமக்கை எஸ். ஜெயலட்சுமி திரைப்பட நடிகை.

1934இல் பிரபாத் நிறுவனம் ‘சீதா கல்யாணம்’ என்னும் தமிழ்ப் படத்தை எடுத்தது. பாபநாசம் சிவன் அதற்கு இசையமைத்தார். அப்படத்தில் இராஜம் இராமனாகவும், ஜெயலட்சுமி சீதையாகவும், தந்தையார் சனகராகவும் நடித்தனர். உடன்பிறந்த இருவர் இராமனும் சீதையுமாக நடித்த அந்தப் படத்தில், இராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாகத் தோன்றினார் பாலசந்தர். அப்போது அவருக்கு ஏழு வயதுகூட நிரம்பவில்லை!

கஞ்சிராவோடு அவர் நிற்கவில்லை. மிருதங்கம், தபேலா, ஆர்மோனியம், சித்தார் என ஒவ்வொரு கருவியாகக் கையில் எடுத்தார். சதுரங்க ஆட்டத்திலும் சிறுவயதிலேயே பெயர் பெற்றார். இளம் பருவத்திலேயே சென்னை வானொலியில் கலைஞராகப் பணியாற்றினார். இறுதியில் அவர் மனம் வீணையில் நிலைத்தது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வீணையை அவருக்குக் கற்பித்த குரு என்று ஒருவரும் இல்லை. குருவின் காலடியில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து கற்பதே வழக்கமாக இருந்த இசையுலகில், தாமே கேட்டு, தாமே தேடி, தாமே தவறி, தாமே திருத்திக்கொண்டு வீணை கற்றவர் அவர்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறையில் கல் இழைக்கும் தொழிலாளி. எந்தப் பாடத்தை எடுப்பது, எந்தத் தேர்வுக்கு விண்ணப்பிப்பது என்று கேட்க எங்கள் வீட்டில் ஆளில்லை. பாலசந்தரின் வீட்டில் இசையும் கல்வியும் நிறைந்திருந்தன; அவரோடு என்னை ஒப்பிட முடியாது என்பது எனக்குத் தெரியும். என்றாலும், வழிகாட்ட ஆளில்லாமலும் ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியும் என்ற செய்தி எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, என்னைப் போன்று முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் அறிவார்கள்.

முதற்காட்சியிலேயே மாண்ட நாயகன்

வளர்ந்த பிறகு பாலசந்தர் திரையுலகில் புகுந்தார். ‘இது நிஜமா’ (1948) படத்தில் இரட்டையர் வேடத்தில் நடித்ததோடு இசையும் அமைத்தார். ஜுபிடர் நிறுவனத்துக்காக ‘கைதி’ (1951) படத்தை இயக்கி நடித்தார். அவரது பெயரை நிலைநிறுத்திய படம் ஏவி.எம். நிறுவனத்தின் ‘அந்த நாள்’. அது 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் வெளிவந்தது.

ஒரு படத்தில் பத்துப் பதினைந்து பாடல்கள் இருப்பது இயல்பாக இருந்த காலம் அது. பாட்டுக்காகவே படம் பார்த்தார்கள். பாட்டுப் புத்தகத்தைக் கொட்டகை வாசலிலேயே விற்றார்கள். அந்தக் காலத்தில் ஒரு பாடலும் இல்லாமல், ஒரு நடனமும் இல்லாமல், சண்டைக் காட்சியும் இல்லாமல் வந்தது ‘அந்த நாள்’. பாடலே இல்லாத முதல் தமிழ்ப் படம் அதுவே. தொடக்கத்தில் வேறொரு நடிகரைக் கொண்டு படமாக்கப்பட்டு, பின்னர் சிவாஜி கணேசனை நாயகராக்கி மீண்டும் எடுக்கப்பட்டது. அத்தகைய நாயகரை முதற்காட்சியிலேயே சுட்டுக் கொன்றுவிட்டுக் கதையைத் தொடங்கினார் இயக்குநர்!

கதை நிகழும் காலம் 1943. அந்த ஆண்டு அக்டோபரில் சப்பானிய விமானம் ஒன்று சென்னையின் மீது குண்டு வீசியது. அதற்கு முந்தைய ஆண்டே போர் அச்சத்தால் நகர மக்கள் பெருந்திரளாக ஊர்களுக்குப் புறப்பட்டுப் போயிருந்தனர். குண்டு விழுந்த மறுநாள் வானொலிப் பொறியாளர் ஒருவர் தம் வீட்டிலேயே சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். துப்பறிய வந்த அதிகாரியாக ஜாவர் சீதாராமன் நடித்தார். திரைக்கதை உரையாடலை எழுதியவரும் அவரே. இறந்தவரின் மனைவி, தம்பி, தம்பி மனைவி, அண்டை வீட்டார், காதலி என ஒவ்வொருவரும் நடந்ததாகத் தாம் எண்ணுவதைச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு பொருந்தவில்லை. சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) படம் தந்த தூண்டுதலால் பிறந்த முறை இது. கொன்றவர் யார் என்பதை இங்கே நான் எழுதப் போவதில்லை. படம் பார்க்காதவர்களின் மகிழ்ச்சியை ஏன் கெடுக்க வேண்டும்?

அப்படத்துக்கு மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. அறிஞர்கள் பாராட்டினார்கள். ஆனால் கொட்டகையில் படம் ஓடவில்லை. பாட்டை எதிர்பார்த்து வந்த மக்கள் ஏமாற்றம் அடைந்தனர். இன்று தமிழின் சிறந்த படங்களைப் பட்டியலிடுவோர் எவரும் ‘அந்த நாளை’ விடுவதில்லை. ஆனால் இன்றைய புகழ் அன்றைய கடனை அடைக்குமா? 1954இல் அந்தத் தோல்வியைத் தாங்க வேண்டியிருந்தவர்கள் அதை எடுத்தவர்களே.

குறைந்த செலவு, நிறைந்த இருள்

ஒரு தோல்விக்குப் பின் மற்றவர்கள் பாட்டுப் படத்துக்குத் திரும்பியிருப்பார்கள். பாலசந்தர் தமக்கென எஸ்.பி. கிரியேஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மர்மப் படங்களையே எடுத்தார். ‘அவனா இவன்’ (1962), ‘பொம்மை’ (1964), ‘நடு இரவில்’ (1970) ஆகிய மூன்றும் அவ்வழியில் வந்தவை. ‘பொம்மை’யில் வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறிப் போகிறது. எப்போது வெடிக்குமோ என்று பார்ப்பவர் நெஞ்சு பதைக்கும். அப்படத்தில் பாடிய ஒரு பாடல், கே.ஜே. யேசுதாஸ் தமிழ்த் திரையில் பாடிய தொடக்கப் பாடல்களுள் ஒன்றாகும். படத்தின் முடிவில், திரைக்குப் பின்னால் உழைத்த கலைஞர்களையும் தொழிலாளர்களையும் திரையிலேயே தோன்றச் செய்து அறிமுகப்படுத்தினார் பாலசந்தர். பெயர் தெரியாமல் உழைப்பவர்களின் முகத்தை மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று 1964இலேயே ஒருவர் நினைத்தார் என்பதை எண்ணும்போது, பட்டறையில் கல்தூசி படிந்த முகத்துடன் உட்கார்ந்திருக்கும் என் தந்தையாரை நான் நினைத்துக்கொள்கிறேன்.

‘நடு இரவில்’ படத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரை விட்டு ஒதுங்கிய ஒரு மாளிகை. அதன் உரிமையாளரான செல்வராக மேஜர் சுந்தரராஜன். மனநலம் குன்றிய அவர் மனைவியாகப் பண்டரிபாய். பிரிந்து கிடந்த உறவினர்கள் எல்லாரும் அங்கே வந்து கூடுகிறார்கள். சௌகார் ஜானகி, சோ முதலியோரும் நடித்தனர். குடும்ப மருத்துவராகப் பாலசந்தரே நடித்து, இசையும் அமைத்தார். வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். பேயா, பித்துப் பிடித்தவரா, சொத்துக்கு ஆசைப்பட்டவரா? விடியும்வரை விடையில்லை.

அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய புகழ்பெற்ற நாவலின் தூண்டுதலால் உருவான கதை இது. அதே நாவலைத் தழுவி இந்தியில் 1965இல் ‘கும்நாம்’ வந்தது. அது வண்ணப்படம்; பாட்டும் ஆட்டமும் நிறைந்தது; பெரும் வெற்றி பெற்றது. பாலசந்தரோ கறுப்பு வெள்ளையில், ஒரு வீட்டையும் சில நடிகர்களையும் நிழலையும் மட்டும் வைத்துக்கொண்டு படத்தை முடித்தார். வாங்குவோர் தயங்கினர். படம் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்து, 1970இல்தான் வெளிச்சத்தைக் கண்டது.

இங்கே அயல்நாட்டுச் செய்தி ஒன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். பிராம் ஸ்டோக்கர் ‘டிராகுலா’ நாவலை 1897இல் எழுதினார். 1922இல் செர்மனியில் ‘நொஸ்ஃபெராட்டு’ என்ற ஊமைப்படமும், 1931இல் பேலா லுகோசி நடித்த பேசும் படமும் அதைத் தழுவி வந்தன. 1933இல் அமெரிக்காவில் ‘தி வாம்பயர் பேட்’ என்றொரு சிறு படம் வந்தது. சிறிய நிறுவனம், கையில் காசில்லை. பெரிய நிறுவனம் வேறு படங்களுக்காகப் போட்டிருந்த அரங்குகளை வாடகைக்கு எடுத்துப் படமாக்கினார்கள். ஊரில் பிணங்கள் விழுகின்றன, உடலில் இரத்தமில்லை, காட்டேரி என்று நம்பி ஓர் அப்பாவியை ஊரார் துரத்துகிறார்கள், உண்மையான கொலைகாரரோ ஊர் மதிக்கும் ஒரு மருத்துவர். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் நாடகத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுவே! புதிதாக எழுதிவிட்டதாக நான் எண்ணியிருந்த கதை என் பாட்டி பிறப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

ஆனால் ஒன்று புரிந்தது. குறைந்த செலவில் அச்சத்தைக் காட்ட முடியும். ஏனெனில் இருளுக்கு விலை இல்லை. காட்டேரியை மேடையில் காட்ட வேண்டுமானால் பல்லும் சாயமும் உடையும் வேண்டும். காட்டாமல் விட்டால் ஒரு கதவும் ஒரு விளக்கும் போதும். பாலசந்தர் செய்தது அதுதான். பேயைக் காட்டாமலே பேயின் அச்சத்தை உண்டாக்கினார். கடைசியில் அந்த அச்சத்தின் வேர் மனித மனத்தில் இருப்பதைக் காட்டினார்.

மீண்டும் வீணை

‘நடு இரவில்’ படத்துக்குப் பின் பாலசந்தர் திரையுலகை விட்டு விலகினார். வீணையே அவர் வாழ்வாயிற்று. அதற்கு முன்பே அவர் வீணை வெளிநாடுகளில் ஒலித்திருந்தது. 1960களில் அமெரிக்காவில் அவருடைய இசைத்தட்டுகள் வெளியாகியிருந்தன.

வீணையின் தண்டியில் மெழுகின்மேல் பதித்த 24 மெட்டுகள் உண்டு. ஒரு மெட்டின்மேல் தந்தியை அழுத்தி மீட்டினால் ஒரு சுரம் பிறக்கும். அப்படி அழுத்தியபடியே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் உயரும். காரணம் நாம் ஆய்வகத்தில் சுரமானியைக் கொண்டு செய்து பார்த்ததே: தந்தியின் அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது, சுரத்தை ஒரு மடங்கு உயர்த்தி மேல் சட்சமத்தை அடைய இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். நாம் எடைக்கற்களை மாட்டிச் செய்த அந்த வேலையைப் பாலசந்தர் விரல் நுனியால் செய்தார். மெட்டு விட்டு மெட்டு தாவாமல், ஒரே மெட்டில் தந்தியை இழுத்தே பல சுரங்களைப் பேசவைத்தார். வாய்ப்பாட்டில் குரல் வழுக்கிச் செல்வதுபோல் வீணையும் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பது அவர் நோக்கம்.

கருநாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களையும் வீணையில் வாசித்து ஒலிப்பதிவு செய்தது அவருடைய பெருஞ்செயல்களுள் ஒன்று. 72 என்ற எண் எப்படி வந்தது? மத்திமம் இரு வகை. ரிடப காந்தாரச் சேர்க்கை ஆறு. தைவத நிடாதச் சேர்க்கை ஆறு. 2 × 6 × 6 = 72. கணக்கில் இவ்வளவு எளிது. ஆனால் கச்சேரிகளில் வழக்கமாக ஒலிப்பவை இவற்றுள் சிலவே. ஒருவரும் வாசிக்காத இராகங்களுக்கும் உயிர் உண்டு என்று காட்டியவர் பாலசந்தர். 1982இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது.

அவர் யாருக்கும் வளைந்து கொடுத்தவர் அல்லர். அது அவருடைய பெருமை. சில வேளைகளில் அதுவே அவருடைய துன்பமும் ஆயிற்று. புதிய இராகங்களைத் தாமே படைத்ததாகக் கூறிய கலைஞர்களோடு வாதிட்டார். 1980களில், இசைப் புலவர் என்று திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் பெற்றிருந்த புகழையே கேள்விக்கு உட்படுத்தினார். இசையறிஞர் பலர் அவர் கூற்றை ஏற்கவில்லை. மூத்த கலைஞர்களின் பகையையும் அவர் தேடிக்கொண்டார். அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. துப்பறியும் படம் எடுத்தவர், வாழ்விலும் துப்பறிந்துகொண்டே இருந்தார். துப்பறிவோர் எல்லாரும் எப்போதும் குற்றவாளியைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவதில்லை. ஆனால் பலரும் நம்புகிறார்கள் என்பதற்காக மட்டும் எதையும் அவர் நம்பியதில்லை. அறிவியல் மாணவனாகிய எனக்கு இந்தக் குணம் பிடித்திருக்கிறது.

1990ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், இசைப் பயணமாகச் சென்றிருந்த பிலாய் நகரில் மாரடைப்பால் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 63. ‘அந்த நாள்’ வெளிவந்து அன்றோடு சரியாக 36 ஆண்டுகள்!

எங்கள் வீட்டுத் திண்ணையில்

கட்டுரையை முடிக்குமுன் ஒரு செய்தி. ஒருநாள் இரவு எங்கள் வீட்டுத் திண்ணையில் கைப்பேசியைச் செங்கல்லில் சாய்த்து வைத்து, ‘அந்த நாள்’ படத்தை அப்பாவும் நானும் பார்த்தோம். அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். பழைய பாட்டென்றால் உயிர். அரை மணி நேரம் கழித்து, பாட்டு எப்போது வரும் என்று கேட்டார். வராது என்றேன். எழுந்து படுக்கப் போய்விடுவார் என்று நினைத்தேன். பீடியைக்கூடப் பற்றவைக்காமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். படம் முடிந்ததும், ஒவ்வொருவர் சொன்னதிலும் எது பொய் என்று அவர் எனக்கு விளக்க ஆரம்பித்தார். நான் கவனிக்காத இரண்டு இடங்களை அவர் கவனித்திருந்தார். பாட்டில்லாவிட்டால் மக்கள் பார்க்கமாட்டார்கள் என்று சொல்பவர்கள், மக்களை எவ்வளவு குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள் என்று அன்றிரவு நினைத்தேன்.

எங்கள் நாடகம் மேடையேறியது. பாட்டில்லை, நடனமில்லை, ஒரு கதவு, ஓர் அரிக்கேன் விளக்கு, ஆறு நடிகர்கள். காட்டேரியை நாங்கள் காட்டவேயில்லை. பாதியில் பின் வரிசைகள் காலியாயின. இரண்டு பேர் விசிலடித்தார்கள். அது உண்மை, மறைக்க விரும்பவில்லை. ஆனால் விளக்கு அணைந்த அந்த ஒரு நிமிடம், எஞ்சியிருந்தவர்கள் மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்கவில்லை. முன் வரிசையில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். கல்லூரிக்குள் அவர் வந்தது அதுவே முதல் தடவை.

நண்பர்களே! நாம் செய்வது எல்லாம் செய்த அன்றே வெற்றி பெறவேண்டும் என்ற கட்டாயமில்லை. மாமல்லபுரத்து ஐந்து இரதங்களுள் ஒன்றுகூட முழுமையாகச் செதுக்கி முடிக்கப்படவில்லை என்பார்கள். ஆயினும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக மக்கள் வந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஓடாத படத்தை எடுத்த பாலசந்தர் அடுத்த படத்தையும் தம் வழியிலேயே எடுத்தார். குரு இல்லாத வீணையை அவர் கீழே வைக்கவில்லை. நமக்கும் தெரியாத பாதைகள் பல உள்ளன. அவற்றில் புளியமரங்கள் நிற்கும்; காட்டேரி இருப்பதாகவும் சொல்வார்கள். விளக்கை எடுத்துக்கொண்டு நடப்போம்.